மூன்றாவது அழைப்பு

ஏணியை விட்டுக் கூரை ஓட்டில் கால் வைத்தான் பெய் மாவோ. கையில் தம்பி யுவானின் பச்சை அங்கி. தம்பி இந்த வட்டத்து அதிகாரி. விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. வழக்கப்படி கூரையேறி, அங்கியை வீசி, வடக்கே பார்த்து, மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் உயிர் திரும்பாவிட்டால்தான் செத்தவன் செத்ததாகக் கணக்கு. அப்புறம்தான் அவன் இடுப்பிலிருந்து அரசு முத்திரையை யாரும் அவிழ்க்கலாம்.

அதற்குத்தான் துணை அதிகாரி கௌ காவலர்களோடு முற்றத்தில் நின்றான். முகத்தில் துக்கத்தை அப்பிக்கொண்டிருந்தான்.

"யுவான்! திரும்பி வாடா!"

அங்கி காற்றில் படபடத்தது. மாவோவின் கண் மேற்குச் சாலையிலேயே இருந்தது.

"யுவான்! வாடா தம்பி!"

அதோடு நிறுத்திக்கொண்டான்.

பஞ்சத்தில் அரசுக் களஞ்சியத்துத் தினையை விற்றுத் தின்றவன் கௌ. அதை மேலிடத்துக்கு எழுதியவன் தம்பி. விசாரணை அதிகாரி இன்று வந்தாக வேண்டும். அதற்குள் முத்திரை கௌவிடம் போனால், திருடியது யுவான்தான் என்று முத்திரை குத்திய தாள் ஒன்று முளைக்கும். தம்பி மனைவி மெங்கையும் அவள் மகளையும் அரசு அடிமையாக இழுத்துப் போவார்கள். தாளில் எழுதியதற்கு மறுபேச்சு ஏது?

"என்ன பெரியவரே, மூணாவது மறந்துபோச்சா?"

"தொண்டை அடைக்குதுங்க. எருமை மேய்ச்ச தொண்டை."

"எருமைகூட இந்நேரம் கூப்பிட்டுட்டு எறங்கியிருக்கும்."

காவலர் சிரித்தார்கள். வாசலில் நின்ற மெங் மேலே பார்த்து, கூப்பிட வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

வெயில் ஏறியது. ஓடு காலைச் சுட்டது. கௌ ஒரு காவலன் பக்கம் திரும்பினான்.

"டேய், நீ ஏறிக் கூப்பிட்டு முடிடா," என்றான் கௌ.

ஏறி வந்த காவலனிடம் மாவோ மெதுவாகச் சொன்னான்: "ரத்த சொந்தம் இல்லாதவன் கூப்பிட்டா, வர்ற உயிரு அவன் பின்னாலயே போயிடும். உன் வீட்ல இடம் இருக்காப்பா?"

காவலன் அங்கேயே நின்றான். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினான்.

"பயந்தாங்கொள்ளி!" கௌ தானே ஏணியைப் பிடித்தான். மாவோ மறுபடி மேற்கே பார்த்தான்.

அப்போது சாலையில் புழுதி எழுந்தது. நான்கு குதிரைகள்.

விசாரணை அதிகாரி உள்ளே வந்ததும் மெங் அவர் காலடியில் விழுந்தாள்.

"இன்னும் கூப்பிட்டு முடியலைங்க. முத்திரை அவர் இடுப்புலதான் இருக்கு."

அவர் கௌவைப் பார்த்தார். கௌ ஏணியிலிருந்து கையை எடுத்தான். அவர் முற்றத்தில் கிடத்தியிருந்த சவத்தின் பக்கத்தில் போய் நின்று, மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முத்திரையை நான் வாங்கிக்கறேன். நீங்க முடிச்சிடுங்க, பெரியவரே."

மாவோ தலையாட்டினான். இந்த முறை சாலையைப் பார்க்கவில்லை. வடக்கே வெறும் வானம். இதையும் கூப்பிட்டுவிட்டால் தம்பி செத்தவன். வாயைத் திறந்தான்; மூடினான். அங்கியின் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கீழே எல்லோரும் காத்திருந்தார்கள்.