ஆறு வயது வரை

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் நாளைக்குச் சோதனைக்கு வருகிறார் என்றதும் கம்பெனியில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அட்டைப்பெட்டி அடைத்துக் கிடந்த அறையைக் கழுவி, சுவரில் யானை வரைந்து, தொட்டில் கட்டி, ஆடும் குதிரை ஒன்றையும் வாங்கிப் போட்டு, சட்டப்படி இருக்க வேண்டிய குழந்தைகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். எல்லாம் இருந்தது, குழந்தைதான் இல்லை. டீ நேரத்தில் மேனேஜர் அருள்செல்வன் மைக்கைப் பிடித்து, யாராவது ஒரு குழந்தையைக் கூட்டி வந்தால் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினார்.

செக்கிங் மேஜையில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பொன்னாத்தாளுக்குக் காது குளிர்ந்தது. அவள் வேலைக்கு வந்த பிறகு மகனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறாள். இனி அவனை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். பூட்ட அவளுக்கு மனசு வராது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. என் குழந்தையைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டாள். அருள்செல்வன் காலில் விழாத குறைதான்.

மறுநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த கந்தவேலுக்கு வயது இருபத்தொன்பது. மீசை மட்டும் ஒரு போலீஸ்காரருக்குப் போதும். குதிரையைக் கண்டதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். பையர் கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. அருள்செல்வனுக்கு வேர்த்து ஊற்றியது.

"அக்கா, சட்டப்படி ஆறு வயசு வரைக்குந்தானுங்க இங்க உட முடியும்."

"டாக்டரு இவனுக்கு அஞ்சு வயசுப் புத்தின்னு சொல்லியிருக்காருங்க. இன்னும் ஒரு வயசு பாக்கி இருக்குதுங்களே."

சோதனைக்கு வந்த அம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். கந்தவேல் வணக்கம் சொல்லி, குதிரையில் அவளுக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். வாய் குழறிய அருள்செல்வன், பொன்னாத்தாள் சொன்னதையே இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தார். அந்த அம்மாள் வெகுநேரம் யோசித்தாள். ஆறு வயது வரை என்றுதான் சட்டம் சொல்கிறது, உடம்புக்கா புத்திக்கா என்று சொல்லவில்லையே என்றாள். புத்திக்கு ஆறு ஆகும்வரை பையன் இங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் பொன்னாத்தாள் மகனுக்குச் சோறு ஊட்ட வீட்டுக்கு ஓடாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள். சோறு எத்தனை ருசி என்று அவளுக்கே ஆச்சரியம். பாதிச் சாப்பாட்டில்தான் பயம் பிடித்தது: அடுத்த முறை டாக்டர் ஆறு என்று சொல்லிவிட்டால்?

பிள்ளைக்குப் புத்தி வளர வேண்டும் என்று வருஷம் தவறாமல் சிவன்மலை ஏறியவள் அவள். "இன்னுங் கொஞ்ச நாளைக்கு வளர உடாத சாமி" என்று கண்ணை மூடி வேண்டினாள். வேண்டிய பிறகுதான் என்ன வேண்டினோம் என்று உறைத்தது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அழுதாள்.