இடப்பக்கம் நிற்பவர்கள்

நாலு மணிக்குள் மூன்று பெயர்கள் வேண்டும் என்று மேனேஜர் காலையில் மெயில் அனுப்பியிருந்தார். வேலையை விட்டு அனுப்புவதற்கு மூன்று பேர். தலைப்பு, ‘உதிர வேண்டிய இலைகள்’. கீழே ஒரு மூங்கில் படம். ஆளை வெளியே தள்ளுகிற கடிதத்துக்குப் படம் தேடிப் போடுகிற பொறுமை எனக்குக் கிடையாது. அதனால்தான் அவர் மாடியில் கண்ணாடி அறையில் இருக்கிறார், நான் கீழே நீராவியில் வேகிறேன்.

எங்களுடையது ஆஸ்பத்திரித் துணிகளை மட்டும் வெளுக்கிற சலவைக்கூடம். என் ஷிஃப்ட்டில் மட்டும் நாலாயிரம் பெட்ஷீட். பிழிந்து வந்த ஷீட்டை இரண்டு பெண்கள் இரண்டு முனையில் பிடித்து, உதறி, ஓரம் பார்த்து, சூடான உருளைக்குள் ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒரு கை அரை நொடி முந்தினாலும் ஷீட் கோணிக்கொண்டு உள்ளே சுருட்டிக்கொள்ளும். அதனால் வலப்பக்கம் நிற்பவள் “விடு” என்று குரல் கொடுப்பாள், இரண்டு பேரும் விடுவார்கள். நாலு மெஷின், எட்டுப் பெண்கள். நான் அவர்களுடைய சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படியை மிதித்தவள். முதல் மெஷினில் இடப்பக்கம் நிற்பது என் அம்மா.

கம்ப்யூட்டரில் மூன்று மாதத்து உற்பத்தியைத் திறந்தேன். வலப்பக்கத்து நாலு பேருக்கும் தினசரி ஆயிரத்தை ஒட்டி. இடப்பக்கத்து நாலு பேருக்கும் பூஜ்யம்.

அவர்கள் சும்மா நின்று வேடிக்கை பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் மெஷின்களில் கார்டு செருகுகிற ஒரு பெட்டியை மாட்டினார்கள். உள்ளே போகிற ஷீட்டை அது எண்ணி, செருகியிருக்கிற கார்டுக்காரியின் பெயரில் ஏற்றும். ஒரு கார்டுக்குத்தான் இடம். வலப்பக்கத்துக்காரி ‘ஆபரேட்டர்’, அவளுடைய கார்டைத்தான் அது வாங்கும். இடப்பக்கத்துக்காரி ‘உதவி’. உதவியின் கார்டைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும்.

இது எனக்கு முதல் வாரமே தெரியும்.

தெரிந்தும் சும்மா இருந்தேன். ஏனென்றால் அந்த வாரம்தான் எங்களை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். பழைய சீன ஞானத்தை வைத்து இன்றைய ஆட்களை நடத்துவது எப்படி என்று பயிற்சி. காலர் இல்லாத வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடி ஜாடியில் சேற்றுத் தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டு, இருபது நிமிடம் அதையே பார்க்கச் சொன்னார். சேறு மெல்ல இறங்கியது. மேலே தெளிந்தது.

“பாருங்க, யாரும் எதுவும் செய்யல. எல்லாத்துலயும் கை வைக்கற தலைவர்தான் தண்ணியைக் கலக்குறார்” என்றார்.

நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். மைக்கைப் பிடித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவள் நான். வீட்டில் எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்க ஆள் இல்லை. காலேஜில் கேட்டால் மார்க் குறையும். அதனால் கார்டுப் பெட்டி விஷயத்தில் கை வைக்காமல் இருந்தேன், தானே தெளியும் என்று. சேறு எங்கேயும் போகவில்லை, அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான்.

மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போனார். தலைவர் இருப்பதே தெரியக்கூடாது என்று கீழே இறங்கி வருவதையே விட்டுவிட்டார். நாங்கள் அவருக்கு ‘ஞானி’ என்று பெயர் வைத்தோம். ரேடியோ அக்கா மட்டும் ‘காணாமப் போனவர்’ என்பாள். ரேடியோ அக்கா அம்மாவின் ஜோடி. வாய் ஓயாது. அம்மாவுக்கு அது வசதிதான். பதினோரு வருஷ மெஷின் சத்தத்தில் அவளுடைய இடது காது போய்விட்டது. ஜோடி வலது பக்கம் நின்று கத்தினால்தான் “விடு” கேட்கும். இடப்பக்கத்தை விட்டு அவளால் நகரவே முடியாது. இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். வருஷாந்தரச் சோதனையில் காது கேட்காது என்று எழுதிவிட்டால் அன்றோடு வேலை போச்சு.

இரண்டு மணிக்கு மாடிக்குப் போனேன். மேனேஜர் கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பயிற்சியில் கொடுத்த கோப்பை.

“சார், அந்தப் பூஜ்யம் தப்பு.”

“டேட்டா தப்பாம்மா?”

“பெட்டியில கார்டு ஒண்ணுதான் போகுது. வேலையை ரெண்டு பேர் செய்றாங்க. கீழ வந்து ஒரே ஒரு ஷீட் போறதைப் பாருங்க சார்.”

“நான் வந்தா தண்ணி கலங்கும்.”

சிரிக்காமல் சொன்னார். அந்த டீயை எடுத்து அவர் தலையிலேயே ஊற்றலாம் போல இருந்தது.

“சரி, உங்க வழிக்கே வரேன்” என்றார். “இவங்கள்ல சில பேர் பத்து வருஷத்துக்கு மேல உதவியாவே இருக்காங்களே, ஏன்? ஆபரேட்டர் ஆகணும்னு ஒரு வேகம் வேண்டாமா? மனுஷன் வளரணும்மா. இல்லன்னா உதிரணும்.”

காது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

அவர் ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் தள்ளினார். பன்னிரண்டு வாரத்து ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘தனிநபர் எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி. அதன் கீழே என் கையெழுத்து.

“உங்களோடதுதானே?”

“ஆமா சார்.”

“நீங்க சரின்னு சொன்னதை நான் மேல அனுப்பினேன். மெஷினுக்கு ஒரு ஆள் போதும்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. இப்ப வந்து தப்புன்னு சொன்னா எப்படி?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நாலு பேர்ல மூணு பேர்தான் கேட்டிருக்காங்க. ஒருத்தர் மிச்சம். அது யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. முதல் மெஷின்ல இருக்கறது உங்க அம்மாதானே? நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

படி இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அம்மா தப்பித்தாள். நேராகப் போய் கம்ப்யூட்டரில் மற்ற மூன்று பெயர்களை அடித்தேன். இரண்டாவது மெஷின்காரி நாலு மாதக் கர்ப்பிணி. மூன்றாவது மெஷின்காரி சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் பயந்துகொண்டே சிரிப்பாள். நாலாவது மெஷின்காரிக்கு அம்மா வயசு. பிழை இல்லாமல் அடித்தேன். அனுப்பு என்கிற பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு இடைவேளை மணி அடித்தது.

“என்ன மேடம், மூஞ்சி பிழியாத ஷீட் மாதிரி தொங்குது?” அம்மா வாசலில் நின்று கேட்டாள். ஷிஃப்ட்டில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். கிண்டல் பாதி, பெருமை பாதி.

“காணாமப் போனவர் கிடைச்சிட்டாரோ என்னவோ” என்றாள் ரேடியோ அக்கா. “மாடிக்குப் போய்ட்டு வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது. எனக்கு ஒரு தடவை வயித்தையே கலக்கிடுச்சு.”

“சாப்பிட்டியாடி?” என்றாள் அம்மா.

“ம்.”

“பொய் சொல்லாத. இந்தா.” பாதி பன்னை என் கையில் திணித்தாள். ஈரத்தில் ஊறி ஊறி வெளுத்துப்போன விரல்கள்.

அவளுக்குப் பின்னால் கர்ப்பிணி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். புதுப்பெண் அவளுடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே எதற்கோ சிரித்தாள். நான் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

உள்ளே வந்து மூன்று பெயர்களையும் அழித்தேன்.

பயிற்சியில் இரண்டாம் நாள் ஒரு பாடம் இருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் வெள்ளைச் சட்டைக்காரர் அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்தக் காலத்துச் சீனத்தில் ஒரு ஆசிரியரிடம், ஆட்சியைக் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். எது எதற்கு என்ன பெயரோ அதைச் சரியாக வைப்பேன் என்றாராம். யாரும் அதை நோட்டில் எழுதவில்லை. நானும்தான். அவசரத்தில் சொன்ன அந்த ஒன்றுதான் எங்களுக்குத் தேவைப்பட்டதோ என்று இப்போது தோன்றியது. உதவி என்று ஒரு பெயரை வைத்துவிட்டார்கள். அப்புறம் பூஜ்யம் தானாக வந்தது. பூஜ்யம் வந்த பிறகு இலை என்றார்கள். நான் என் பங்குக்கு ‘சரிபார்க்கப்பட்டது’ என்றேன்.

வெள்ளைத் தாளில் கையால் எழுதினேன். எட்டுப் பேரையும் ஜோடி ஜோடியாக, எட்டுப் பேருக்கும் ஆபரேட்டர் என்று போட்டு எழுதினேன். அதற்குக் கீழே: ‘பன்னிரண்டு வாரமும் எண்ணிக்கை பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். பொய் என்னுடையது. பூஜ்யம் அவர்களுடையது அல்ல.’ தேதி போட்டேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாளை மேனேஜர் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“இதை மேல அனுப்புவீங்களா சார்?”

“அனுப்பித்தான் ஆகணும். பொய்க் கையெழுத்துன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க.” தாளை ஃபைலில் செருகினார். “அவங்க கேக்கறது தலை எண்ணிக்கை. உங்களோட ஒண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு.”

“நான் தர மாட்டேன்.”

“வேண்டாம்மா. சிஸ்டமே தரும்.”

திரையைத் திருப்பி என் கண்முன்னாலேயே செய்தார். பூஜ்யத்தில் முதல் இரண்டு. அம்மா. கர்ப்பிணி. இரண்டு கிளிக். கைப்பிடி இல்லாத கோப்பையை எடுத்து, ஆறிப்போயிருந்ததால் முகத்தைச் சுளித்தார்.

“நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கிட்டீங்க” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கடிதம் கைக்கு வருவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். முதல் மெஷினுக்கு ஓடினேன். ரேடியோ அக்காவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நுழைந்து, கேட்கிற காதில் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் மாடியில் காட்டிய ஆசையையும் மறைக்கவில்லை. அம்மா கையில் இருந்த ஷீட்டை விடவில்லை. எனக்குக் குறுக்கே கையை நீட்டி ஓரத்தைச் சரி செய்தாள். அது உள்ளே போனபிறகுதான் திரும்பினாள்.

“உன்னை யாருடி எழுதிக் கொடுக்கச் சொன்னது?”

“அம்மா…”

“ஒருத்தி போனா ஒருத்தியாவது இருக்கணும்டி! ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கறதா? படிச்சவ, படிச்சவன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!”

“அப்ப மத்த மூணு பேரையும் எழுதிக் கொடுத்திருக்கணுமா? அந்தப் பொண்ணு வயித்தைப் பாத்தியா நீ?”

“இப்ப மட்டும் என்ன, அவளைக் காப்பாத்திட்டியா?”

உண்மைதான். யாரையும் காப்பாற்றவில்லை. உண்மையை எழுதினால் ஏதோ நடந்துவிடும் என்று நினைத்திருக்கிறேன். பரீட்சைத் தாள் மாதிரி.

ரேடியோ அக்கா அடுத்த ஷீட்டின் முனையை எடுத்துப் பிடித்தாள். “நான் ஒருத்தி எப்படி ஆயிரம் ஷீட் போடுவேன்? எனக்கென்ன எட்டடிக்குக் கையா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. “நாளைக்கு எனக்கும் பூஜ்யம்தான். அதைச் சொல்லிட்டியா அந்த ஆளுக்கு?”

ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. மேசையிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்து வந்தேன். பக்கத்தை நாலாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு பெயர் எழுதினேன். உள்ளே போகிற ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு கோடு. அடியில் எட்டுப் பேரின் கையெழுத்து. தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். மூன்று மாதப் பொய்க்கு எதிராக இரண்டு மணி நேர உண்மையை அவர்கள் ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது. வேறு எதுவும் கையில் இல்லை.

“எனக்கு வம்பு வேண்டாம் தாயி, ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்று மூன்றாவது மெஷின் வலப்பக்கத்துக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கர்ப்பிணி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். ரேடியோ அக்கா எழுத்துக்கூட்டிப் பெரிதாகப் போட்டாள். “உங்கம்மா பேரை எனக்கு மேல போடு. இல்லன்னா உயிரை எடுத்துருவா.”

அம்மா பேனாவை வாங்கவில்லை. “ஆறு மணிக்குப் பாக்கலாம். இப்ப வேலை கிடக்கு.”

ஐந்தே முக்காலுக்கு மேனேஜர் படி இறங்கி வந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை. இரண்டடி தள்ளி இரண்டு பெண்கள் ஒரு ஷீட்டை உதறிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

“அந்த நோட்டைக் கொடுங்க. கம்பெனி சொத்து.”

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு முடியாது என்று தலையாட்டினேன். அவர் கையை நீட்டினார். அதற்குள் அம்மா மெஷினின் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்திவிட்டு எங்கள் நடுவில் வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே, பேனாவுக்காக என் பக்கம் கையை நீட்டினாள்.