இன்னொருவரிடம் விசாரி

தெருமுனை வந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். பெரியநாயகி மட்டும் நிற்காமல் பாடைக்குப் பின்னாலேயே நடந்தாள்.

"நில்லு சாமி. இதுக்கு மேல பொம்பளைங்க வாரதில்ல," என்றார் நாச்சிமுத்து. அந்த நெசவாளர் தெருவில் அவர் சொல்லாமல் ஒரு சாவும் நகராது.

"அப்பா வரச் சொல்லியிருக்காருங்க பெரியப்பா. தம்பி எழுதிக்கிட்டதே இருக்குதுங்க."

எல்லோரும் சரவணமுத்துவைப் பார்த்தார்கள். கொள்ளிச்சட்டியைப் பிடித்தபடி முன்னால் போனவன் நின்றான்.

எம்.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் சமயச் சடங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தான் அவன். பொங்கல் லீவில் ராசிபுரம் வந்து, தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சாவுச் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். "மக இருந்தா அவளும் சுடுகாடு வரைக்கும் வருவா. அது நம்ம வழக்கம்," என்றார் அருணகிரி, நெய்வதை நிறுத்தாமலே. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி கிடைத்த பூரிப்பில் அவன் மறுகேள்வி கேட்கவில்லை. நோட்டைப் படித்த பேராசிரியர்தான் அதன் ஓரத்தில் எழுதித் தந்தார்: 'ஒருவர் சொன்னது போதாது. இன்னொருவரிடம் விசாரி.'

அப்பாவையே திரும்பக் கேட்கலாம் என்றிருந்தான். தந்தி கிடைத்து அவன் பஸ் ஏறி வருவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

"எழுவது வருசத்துல நான் பாக்காத வழக்கமா?" என்றார் நாச்சிமுத்து.

விசாரணை முடிந்துவிட்டது. அப்பா சொன்னது பொய். புருஷனை இழந்து வீடு திரும்பி, எட்டு வருஷம் தனக்குக் கஞ்சி ஊற்றியவளைத் தெருமுனையில் நிறுத்தக்கூடாது என்று கிழவர் முன்பே முடிவு செய்திருக்கிறார். வாயால் சொன்னால் தெரு கேட்காது, எழுத்தில் ஏறினால் கேட்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவனுக்குக் கோபம் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அழுகை வந்தது.

"ஏஞ் சாமி, நெசந்தானா?"

இல்லை என்று சொன்னால் படித்த படிப்புக்கு நேர்மை. அக்கா அவனைப் பார்க்கவில்லை. பாடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க பெரியப்பா. மெட்ராசுல புஸ்தகத்துலயே ஏறிப்போச்சுங்க."

நாச்சிமுத்து அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நம்பினாரா என்பது அவருக்கே வெளிச்சம். "படிச்ச புள்ள சொல்ற. அருணகிரி மக, வரட்டும். தூக்குங்கப்பா," என்றார்.

சுடுகாட்டில் பெரியநாயகி அழவில்லை. எல்லாம் எரிந்து அடங்கும்வரை நின்று பார்த்தாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து சரவணமுத்து நோட்டைத் திறந்தான். 'மகளும் சுடுகாடு செல்வது இவர்கள் வழக்கம்' என்ற வரியைப் பட்டையாக அடித்தான். பேனாவை மூடப் போனவன் மூடாமல், பேராசிரியரின் குறிப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதினான்:

'ஒரே ஒருமுறை நடந்தது. நேரில் கண்டேன்.'

மை காயும்வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தான்.