மடாதிபதி கிடந்த திசை

ஜென்சி அப்பாவின் டையைக் கழற்றி மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள். மரணச்சடங்கு மண்டபத்துக்காரர்கள் போட்டிருந்த முடிச்சு தடித்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. அருமைராசா முப்பத்தொரு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டியவர். கோணலான எதையும் அணிந்து அவர் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. அவருடைய தாடைக்குக் கீழே விரல் பட்டபோது முதலில் திடுக்கிடவைத்த குளிர் இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. முடிச்சை இறுக்கினாள். ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். நேராக இருந்தது.

திரும்பியபோது கதவடியில் நீக்கிலாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தொப்பியில் பனி. சப்பாத்தைத் தட்டிவிட்டு, இடது காலை லேசாக இழுத்தபடி உள்ளே வந்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

நாலு மாதமாக அவர் இவர்களுடைய வீட்டுப் படி ஏறவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. பூசை முடிந்ததும் மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேலில் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வருவார். சாப்பிடுவார், அப்பாவுடன் வாக்குவாதப்படுவார், அது முடிந்ததும் சோபாவிலேயே அரைமணி நேரம் நித்திரை கொள்வார். இருவரும் மன்னாரில் ஒரே வகுப்பு, ஒரே பீடத்தில் உதவிசெய்தவர்கள். இங்கே தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலின் சாவி நீக்கிலாப்பிள்ளையிடம்தான் இருந்தது. மெழுகுதிரி, மணி, பூ, பீடத்துணி எல்லாம் அவர் பொறுப்பு. எல்லோரும் அவரை மூப்பர் என்றார்கள்.

இந்த இரண்டு பேரையும் பிரித்தது கி.பி. 640இல் நடந்த ஒரு கொலை.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு, கோயில் மாதத் தாளான 'நங்கூர'த்தில் ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். பிராங்கியரின் நாட்டில், அதாவது பழைய பிரான்சில், ஆற்றங்கரையில், பனிக்குள் புதைந்த ஒரு மடம். அதிகாலைச் செபத்துக்கு வந்த துறவிகள் தங்கள் மடாதிபதி பீடத்தின் முன்னால் செத்துக் கிடப்பதைக் காண்கிறார்கள். வழியில் பனியில் மாட்டிக்கொண்டு அங்கே தங்கியிருந்த பெர்த்தா என்ற கன்னியாஸ்திரி கொலையாளியைத் தேடுகிறாள். நூலகத்தில் எடுத்த இரண்டு பிரெஞ்சுப் புத்தகங்கள்தான் அப்பாவுக்கு ஆதாரம். மிச்சமெல்லாம் அவராகப் புனைந்தது. பெர்த்தா அம்மாவைப் போலவே பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு இன்னொரு கேள்வி கேட்டாள். மடத்தின் சாவிகளை வைத்திருந்த சகோதரர் பொனோசு இடது காலை இழுத்து நடந்தார். பேச வாயைத் திறக்கும் முன் மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

அப்பா எழுதுவதில்லை, சொல்லுவார். போனில் குரல் பதிவாக அனுப்புவார். வேலைக்குப் போகும்போது மெட்ரோவில் ஜென்சி அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். மாதம் ஒரு பகுதி. முதல் நாலு பகுதிவரை மூப்பரும் சிரித்தார். தன்னைக் கதையில் போட்டிருக்கிறான் என்று ஆட்களுக்குக் காட்டினார். ஐந்தாம் பகுதியில் பொனோசு பெர்த்தாவிடம் பொய் சொன்னார். அந்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றவர்களில் யாரோ, "மூப்பர், சாமியாரை ஏன் முடிச்சனீங்கள்?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அவரைப் 'பொனோசு அங்கிள்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஒருநாள் அவர் சனத்துக்கு முன்னால் வைத்து அப்பாவிடம், "நீ கதை எழுதேல்லையடா, ஆளைக் கொல்லுறாய்" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை.

அப்பாவும் கூப்பிடவில்லை. ஆறாம் பகுதியில் பொனோசுவின் அங்கிக் கையில் இரத்தக்கறை இருந்தது. எட்டாம் பகுதியில் அவருடைய சாவிக்கொத்தில் ஒரு சாவி குறைந்தது.

கடைசிப் பகுதியை அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னார். பதினொரு நிமிடப் பதிவு. மூச்சு வாங்கும் இடங்களும் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தமும் அதில் இருந்தன. "பொனோசுதான் செய்தவன். வேறை ஆர்? உப்பிடியே போடு" என்று முடித்திருந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய இருதயம் நின்றுவிட்டது. ஜென்சி தட்டச்சு செய்து வைத்திருந்தாள். தாளை வடிவமைக்கும் றொசானா, அதை அப்பாவின் படத்தோடு சிறப்பிதழாக அச்சடித்து நாளைக்கு அடக்கப் பூசையில் கொடுப்பதாக ஏற்பாடு. ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும் என்று மூன்று தரம் செய்தி போட்டுவிட்டாள். ஜென்சி இன்னும் அனுப்பவில்லை.

அனுப்பினால், நாளை இருநூறு குடும்பங்களும் மூப்பர்தான் கொலைகாரன் என்று வாசிக்கும். அவருடைய சிநேகிதனின் சவப்பெட்டிக்கு முன்னால் வைத்து வாசிக்கும். கதைதான் என்று சொல்லலாம். ஆனால் சொன்னவர் போய்விட்டார். இனித் திருத்த ஆள் இல்லை.

காலையில் தம்பி ஜெராட்டிடம் கேட்டிருந்தாள். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்மா ஒவ்வொரு பகுதியையும் அவன் குடியிருக்கும் ரொக்ஸ்பரோவுக்குப் போன் எடுத்துச் சொல்லுவாள். "அப்பா சொன்னதைப் போடன். நான் அப்பவே சொன்னனான் அந்தாள்தான் எண்டு" என்றான். அம்மா அக்னெஸ் இன்னும் உறுதியாகச் சொன்னாள். செத்த மனிசன் சொன்ன சொல்லை மாற்றக்கூடாது என்றாள்.

நீக்கிலாப்பிள்ளை பெட்டியருகே போய் நின்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்தார். விரல்களுக்கிடையில் சுற்றியிருந்த செபமாலையின் சிலுவை கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்திவைத்தார். பிறகு அம்மாவிடம் போய்த் தலையசைத்தார். அவர் உட்காரவென்று அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்தாள். அவர் உட்காரவில்லை. ஜென்சியைத் தேடி வந்து, ஒரு கோப்பி குடிக்கலாமோ என்று கேட்டார்.

கோப்பி அண்டா வைத்திருந்த பக்கத்து அறையில் வேறு யாரும் இல்லை. அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்புறையை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்பது பகுதிகளும் வரிசையாக அதற்குள் இருந்தன. ஓரங்களில் பென்சில் கோடுகள்.

"எல்லாம் வாசிச்சனீங்களோ மாமா?"

"வாசிக்காமல்? என்னைப் பற்றியெல்லோ எழுதியிருக்கு." மூக்கால் நீண்ட மூச்சு விட்டார். "பிள்ளை, கடைசிப் பகுதி உன்னட்டை இருக்கு. எனக்குத் தெரியும். என்ன இருக்கெண்டு நான் கேக்கமாட்டன். மாத்தச் சொல்லியும் கேக்கமாட்டன். ஆனால் வாசிச்ச ஒருத்தனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அதை அவனட்டைக் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை."

இரண்டாம் பகுதியை எடுத்து, கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். ஜென்சி குனிந்து வாசித்தாள். அவளே தட்டச்சு செய்த வரிகள்: 'மடாதிபதியை யாரோ நேராகக் கிடத்திக் கைகளையும் கூப்பிவைத்திருந்தார்கள். பாதங்கள் பீடத்தை நோக்கி இருந்தன.'

"மடாதிபதி ஆர்? குருவானவர்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "எங்களைப் போலச் சாதாரண ஆக்களுக்குத்தான் கால் பீடத்தைப் பாத்து இருக்கும். குருவெண்டால் தலைதான் பீடத்துப் பக்கம். உயிரோடை சனத்தைப் பாத்து நிண்டவர், செத்தும் சனத்தைப் பாக்கவேணும். மடத்திலை எத்தினை துறவியளைக் கிடத்தினவன் பொனோசு? அவன் கொலை செய்தாலும் செய்வான், பிள்ளை. ஆனால் இந்தப் பிழையை விடமாட்டான். இது கோயில் வேலை தெரியாத ஆரோ வெளியாள் செய்தது."

ஜென்சி அந்த வரியை மறுபடியும் வாசித்தாள்.

"அவன் தெரியாமல் எழுதினான் எண்டு நினைக்கிறியோ?" அவர் முதல்முறையாகச் சிரித்தார். "பதினேழு வயசிலை எங்கடை பங்குச் சாமி செத்துப்போனார். பெட்டி தூக்கினதிலை நாங்களும் ரெண்டு பேர். முன்னுக்குப் பிடிச்சவன் உன்ரை கொப்பர் அருமைராசா. காலை முன்னுக்கு விட்டுக் கொண்டுபோய் வைச்சிட்டான். முழு ஊரும் பாத்துக்கொண்டு நிக்க, பெட்டியைத் திருப்பவேண்டி வந்தது. வெளியிலை வரேக்கை உபதேசியார் அவன்ரை கன்னத்திலை ஒண்டு போட்டார். அதை அவன் சாகும்வரைக்கும் மறப்பானோ?"

கோப்பியை ஒரு வாய் குடித்தார். ஆறிவிட்டிருக்கவேண்டும். கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அதை எழுதேக்கை அவன் என்னைக் கொலைகாரனா நினைக்கேல்லை" என்றார். "பிறகு நினைச்சிருப்பான். நான் ஆஸ்பத்திரிக்கும் வரேல்லைத்தானே."

உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். செபமாலை சொல்லும் நேரம். அவர் கோப்புறையை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு வாசியுங்கோ மாமா" என்றாள் ஜென்சி.

அவர் போனபிறகும் அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. மூப்பருக்கு அது தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. குருவின் தலையைப் பீடத்துப் பக்கம் வைக்கும் வழக்கம் ஏழாம் நூற்றாண்டில் இல்லை. அது பல நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியது. இரண்டாம் பகுதியைத் தட்டச்சு செய்தபோது கிடத்தும் முறையைப் பற்றித் தேடிப் பார்த்திருந்தாள். காலும் தலையும் எந்தப் பக்கம் இருந்தாலும் பிராங்கியரின் நாட்டில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று கண்டுவிட்டு, இந்த வரி கதைக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று நினைத்து, அப்பாவிடம் சொல்லாமல் விட்டிருந்தாள். கதைக்கு எல்லாவற்றையும் அந்த வரிதான் செய்கிறது என்று இப்போதுதான் விளங்கியது. அந்த மடம் பிராங்கியரின் நாட்டில் இருந்ததே இல்லை. அதன் பீடம் மன்னாரில் இருந்தது. பனி மட்டும் செயின்ட்-மிஷேலுடையது. அந்த மடத்தின் சட்டப்படி மூப்பர் சொன்னது முழுக்கச் சரி.

மணி ஐந்து பத்து.

அவள் மண்டபத்துக்குள் போய் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். செபமாலை தொடங்கியிருந்தது. அம்மாவின் காதருகே எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். மணிகள் அம்மாவின் விரலில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. செபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்துவிட்டுத்தான் அவள் கேட்டாள்.

"அந்தக் கால் சங்கதி அப்பா சொன்னதுதானோ? நீ போட்டதில்லையோ?"

"அப்பா சொன்னதுதான் அம்மா."

"முதல் சொன்னது எது?"

"கால்."

அம்மா அடுத்த மணியைப் பிடித்தாள். "பிறகென்ன, என்னைக் கேட்டுக்கொண்டு இருக்கிறாய்?" என்றாள்.

ஜென்சி கோப்பி அறைக்குத் திரும்பிப் போனைத் திறந்தாள். கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் அழித்தாள். சுவருக்கு அப்பால் மூப்பரின் குரல் செபத்தைத் தொடங்கியது, சனம் முடித்தது. மடத்துக்குக் காணி கொடுத்த பிரபுவின் மருமகன் குந்துல்ப், இரண்டாம் பகுதியில் வந்து எல்லோருக்கும் முன்னால் உரத்து அழுதவன், அதற்குப் பிறகு கதையில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தான். அப்பா அவனை ஒருபோதும் ஊருக்கு அனுப்பவில்லை. அதையும் இப்போதுதான் கவனித்தாள். பெர்த்தா அவனைக் கோயிலுக்குள் கூட்டிப்போய், சாதாரணமாக, தரையைக் காட்டி, "இந்த இடத்தில் ஒரு குருவைக் கிடத்துவதென்றால் எப்படிக் கிடத்துவாய்?" என்று கேட்டாள். அவன் தயங்காமல் பாதங்களைப் பீடத்தின் பக்கம் காட்டினான். அப்பாவின் வாக்கியங்கள் எந்த இடத்தில் நிற்கும் என்று ஜென்சிக்குத் தெரியும். பத்து மாதம் அந்தக் குரல் அவள் காதுக்குள் இருந்தது. ஒரு சொல்லுக்காகவும் அவள் தேட நேரவில்லை. பொனோசுவின் இரத்தக்கறைக்கும் குறைந்த சாவிக்கும் காரணம் வேண்டியிருந்தது. பிணத்தைத் தன் கையால் துடைத்தவர் அவர். தன் நண்பனான மடாதிபதியின் அறையை இனி யாரும் திறக்கக்கூடாதென்று அந்தச் சாவியை ஆற்றில் எறிந்தவரும் அவர். பெர்த்தா கேட்கும்வரை அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது றொசானாவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை கோயில் நிறைந்திருந்தது. மொன்ட்ரியால்-நோரிலிருந்து ஆட்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். நிலம் பனியில் உறைந்து இறுகிக் கிடந்ததால் அடக்கம் வசந்தகாலத்தில்தான். இன்றைக்குப் பூசை மட்டும். றொசானா வாசலில் நின்று தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் பின்னால் நடந்துவந்த ஜென்சி இரண்டு பக்கமும் பார்த்தாள். சனத்தில் பாதிப்பேர் பெட்டியைப் பார்க்கவில்லை. தாளை நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பியிருந்தார்கள். வாசித்து முடித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏதோ சொன்னார்கள். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாய்மார் குனிந்து பிரெஞ்சில் சொன்னார்கள். ஒரு வாங்கு வரிசையிலிருந்து மற்ற வரிசைக்குத் தலைகள் திரும்பி, பிறகு எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன.

மூப்பர் பீடத்துக்குப் பக்கத்துச் சிறிய வாங்கில் தனியே உட்கார்ந்திருந்தார். வெளியே குளிரில் நின்றுவிட்டு வந்ததால் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சேட்டு நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளைத் திறந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை. பத்தாம் பகுதியின் முதல் வரியில் விரலை வைத்து, சொல் சொல்லாக வாசிக்கத் தொடங்கினார்.

சாமியார் பீடத்துக்கு வந்தார். பாட்டு தொடங்கியது. எந்தப் பூசையிலும் முதலில் எழும்பி, சனத்தை எழும்பவைக்கிறவர் அவர். இன்றைக்குச் சனம் தானாக எழும்பி நின்றது. நின்றவர்களுக்கு நடுவே அவர் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். விரல் பக்கத்தின் நடுவுக்கு வந்திருந்தது.