நான் வரையாத சிறகு

அந்தப் பறவையின் இறகுகளை நான்தான் தூரிகையால் வரைந்துவிட்டேன் என்று ஹாம்பர்க் பேராசிரியர் ஒருத்தர் எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போட்டார். முப்பத்தொரு வருஷமாகத் தெற்கு ஜெர்மனியின் அல்ட்முல் பள்ளத்தாக்குச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஊசியும் உளியுமாகக் கல்லாய்ப்போன மீனையும் இறாலையும் வெளியே எடுக்கிறவள் நான், வால்புர்கா ஷீடரர், கூப்பிடும் பேர் புர்கல். காக்கை அளவுப் பறவை அது. சிறகை விரித்தபடி கல்லுக்குள் கிடந்ததை வெளியே கொண்டுவர எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதைப் போய் மோசடி என்றால் பற்றிக்கொண்டு வராதா?

சிறகில் விரல்நகம் அளவுக்குச் சுரண்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். எங்கள் இயக்குநர் கோர்பினியன் பாதி தலையாட்டிவிட்டார்.

"சுரண்டின இடத்துல மறுபடி இறகு முளைக்குமா?" என்று கேட்டேன்.

"வேற வழி இருந்தா சொல்லு, புர்கல். நாறுறது உன் பேருதான்."

வழி இருந்தது. மியூனிக்கிலிருந்து ரோன்யா என்ற பெண் ஓர் இயந்திரத்தோடு வந்தாள். அது கல்லைத் தொடாது. மேலே நகர்ந்தபடி எக்ஸ்ரே பாய்ச்சி, எந்தப் புள்ளியில் எந்த உலோகம் இருக்கிறது என்று வரி வரியாகப் படம் போடும். இறகின் கறுப்பு நிறம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், பதினைந்து கோடி வருஷம் போனாலும் கொஞ்சம் மிஞ்சுமாம். கடிதம் போட்ட பேராசிரியர் தீலோ ஹார்ம்ஸும் நேரில் வந்தார். ஒரே ஒரு நாள்தான் தருவேன், சாயங்காலத்துக்குள் படம் தெளிவாகச் சொல்லாவிட்டால் சுரண்டிவிடுவேன் என்றார். பையில் சின்னக் கத்தி வேறு. வடக்கத்தியான் திமிர் என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

ரோன்யா பொத்தானைத் தொடப்போன நேரத்தில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சிறகின் குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. பறவையை வெளியே எடுத்த சமயத்தில் அதைப் பசையும் கல்தூளும் வைத்து அடைத்து, மேலே வெள்ளைச் சாயம் தொட்டு மறைத்திருந்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை.

"கொஞ்சம் நில்லும்மா," என்றேன். "இந்த விரிசல்ல மட்டும் நான் சாயம் பூசியிருக்கேன். துத்தநாக வெள்ளை. எழுதி வைக்காதது என் தப்பு."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆக, பூசினது உண்மைன்னு ஒத்துக்கிட்டீங்க."

"விரிசல்லன்னு சொன்னேன். காது நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?"

"ஒரு இடத்துல பூசின கை மத்த இடத்துல சும்மாவா இருந்திருக்கும்?"

கோர்பினியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்றுதான் தோன்றியது. ஆனாலும் சொன்னது சரிதான் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

இயந்திரம் நகரத் தொடங்கியது. மதியம் வரை திரையில் எலும்புகள் மட்டும் வந்தன. பேராசிரியர் எங்கள் ஊர் வெள்ளை சாசேஜை, உரித்துப் போட வேண்டிய தோலோடு கடித்துத் தின்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு துத்தநாகம் சிவப்பாகத் தெரிந்தது, நூல் மாதிரி ஒரே கோடு. விரிசலைத் தாண்டி ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்து செம்பு பச்சையாக எழுந்தது. இறகு இறகாக, நடுத்தண்டு வரைக்கும் துல்லியமாக வந்தது. நான் அடைத்த இடத்தில் மட்டும் அறுந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"செம்பு கலந்த சாயம் கடையிலயே கிடைக்குது," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "கண்ணுக்குத் தெரியுற இறகு மேலேயே பச்சை வருது. நீங்க வரைஞ்சிருந்தாலும் இப்படித்தான் வரும்."

மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. மணி நாலு. கீழ் ஓரத்தில் வெறும் கல் மட்டுமே பாக்கி. அது நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பலமுறை தேடி ஒன்றுமில்லை என்று விட்ட இடம். பேராசிரியர் பையைத் திறந்தார்.

"மேடம்," என்றாள் ரோன்யா மெதுவாக. "இங்க வாங்க."

வெறும் கல்லில் பச்சை ஏறிக்கொண்டிருந்தது. சிறகு நின்றுபோனதாக நாங்கள் எல்லாரும் நினைத்த விளிம்பிலிருந்து கீழே ஓடியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு இறகுகள், நுனி வரை முழுசாக. பேராசிரியர் எழுந்து போய்க் கல்லின் மேல் குனிந்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி திரைக்கு வந்தார்.

"கல்லுல ஒண்ணும் தெரியலையே," என்றார்.

"எனக்கும்தான் தெரியல, ஐயா. கண்ணுக்கே தெரியாததை நான் எப்படி வரைவேன்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து அருங்காட்சியகத்துக்கு இன்னொரு கடிதம் அடித்தார். எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னேன், விடுவேனா? வாசித்தார். தன் குற்றச்சாட்டு தவறு, இறகுகள் உண்மையானவை, இதுவரை யாரும் பார்க்காத ஏழு இறகுகள் இன்று கிடைத்திருக்கின்றன. கத்தி பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்தான். பதிவேட்டை எடுத்து, முதலில் விரிசலையும் துத்தநாக வெள்ளையையும் எழுதினேன். அதற்குக் கீழே ஏழு இறகுகளை எழுதி, "சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்," என்று பேனாவைப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் முழுப்பெயரோடு போட்டார்.