பதினோரு பொத்தான்கள்

1

“தோத்தது பதினோரு பேருப்பா. ஏன் ஒருத்தர மட்டும் வீட்டுக்கு அனுப்புறாங்க?”

என் மகள் மாய்ரா ஏழு வயதில், காலைக் காபி மேசையில் கேட்டது. முந்தின நாள் எங்கள் ஊர்க் கால்பந்து அணி, பெத்ரா மான்சா கிளப், தொடர்ந்து நான்காவது ஆட்டத்தில் தோற்றிருந்தது. “பயிற்சியாளர் குவிரினோ போகட்டும், கிளப் பிழைக்கட்டும்” என்று ஊர் வானொலியில் சொன்னவன் நான். அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

“ரொட்டியத் தின்னுட்டுப் பள்ளிக்கூடம் கெளம்பு” என்றேன்.

அது பதில் இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. கேள்வியை மறந்துவிட்டாள். கதை இன்னும் முடியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “இருபத்தொன்பது வருடங்களில் இருபத்து மூன்று கிளப்புகளுக்குப் பயிற்சியாளராக இருந்த ஒதிலோன் குவிரினோவின் பெட்டிக்குள் —”

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

அடுத்தது: “அவர் ஒரு கோப்பைகூட வென்றதில்லை.” கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். மூன்றாவது கிளப்பில் ஒன்று வென்றார். அடுத்த மாதமே அங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது பொத்தான்கள்தான். ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினொன்று வைத்திருந்தார். பத்து கறுப்பு, கோல்கீப்பருக்கு மட்டும் வெள்ளை. சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளி ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். கறுப்புப் பத்தும் அவர் மனைவியின் குளிர்கோட்டிலிருந்து வெட்டியவை. ஒன்பதாவது கிளப்போடு, “இனிமே என்னால வீடு மாத்த முடியாது” என்று அந்த அம்மா நின்றுவிட்டார். கோட்டு மட்டும் இவருடைய சாமான்களோடு வந்துவிட்டது.

(அந்த அம்மாவையும் இந்தக் கதைக்குள் கொண்டுவரப் பார்த்தேன். தொலைபேசியில், “எனக்கு அதெல்லாம் வேண்டாங்க” என்றார். ஆகவே இங்கே அவருக்குப் பெயர் இல்லை.)

3

கிளப் தலைவர் எவரால்து ஒரு திங்கட்கிழமை என் நிகழ்ச்சிக்கு வந்து, “வாத்தியாருக்கு என் முழு ஆதரவு உண்டு” என்றார்.*

வியாழக்கிழமை காலை குவிரினோவை வேலையை விட்டு அனுப்பினார்கள். மத்தியானம் மைக்கோடு போனேன். ஆட்டக்காரர்களின் உடுப்புகளைத் துவைக்கும் அறையில், குவிரினோ கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். துவைக்கிற ஜூலெய்தி அம்மா சட்டைகளைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“வாங்க ரேடியோக்காரரே,” என்றார் ஜூலெய்தி. “கொலையும் பண்ணிட்டு எழவுக்கும் வந்துட்டீங்களா?”

“விடு ஜூலெய்தி. அவர் பொழப்பு அது,” என்றார் குவிரினோ. “சீனி போடட்டுமா உங்களுக்கு?”

“வாத்தியாரே, ரெண்டு வார்த்தை பேசணும்...”

“பேச என்ன இருக்கு? ஜெனிவால் நல்ல பையன். என்கிட்ட ஆடினவன். அவன்கிட்ட டீமக் குடுத்திருக்காங்க. கொஞ்சம் பொறுமையா இருங்கன்னு ரேடியோல சொல்லுங்க. அவனையும் நாலு ஆட்டத்துல தூக்கிடாதீங்க.”

அவ்வளவுதான். அதை நான் ஒலிபரப்பவில்லை. காரசாரமாக இல்லை என்று விட்டுவிட்டேன்.

* எங்கள் நாட்டில் ‘முழு ஆதரவு’ என்று கேட்ட பயிற்சியாளர் பெட்டியில் வைக்கச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்துவிடுவார். யாரையும் திட்டிக்கொண்டே துரத்துவதில்லை. ஆதரவு தெரிவித்துத்தான் துரத்துவோம்.

4

ஆட்ட முடிவுகளைத் தவிர, இனி வருவதை நான் பார்க்கவில்லை. ஜூலெய்தி சொன்னது.

அந்தப் போட்டிக்காலத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில் ஜெனிவால் ஒன்றில் வென்று இரண்டைச் சமன்செய்தான். கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. இறங்கியிருந்தால் மூடியிருப்பார்கள். சமையல், துவையல், புல்வெட்டு என்று முப்பது குடும்பங்களுக்கு வேலை போயிருக்கும்.

மறுநாள் காலை குவிரினோ வந்து, துவைக்கும் அறை அலமாரியில் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கேட்டிருக்கிறார்.

“அபரேசிதா மாதா கோவிலுக்கு நடக்கணும் ஜூலெய்தி. நேர்ந்துக்கிட்டேன். டீம் எறங்காம இருந்தா, நடந்தே போயி, இந்தப் பதினொன்னையும் அவ காலடியில வெச்சிட்டு, இந்தத் தொழில விட்டுடறேன்னு.”

“உங்களத்தான் தொரத்திட்டாங்களே வாத்தியாரே! உங்களுக்கு என்ன நேர்த்திக்கடன்? ஜெனிவால நடக்கச் சொல்லுங்க.”

“டீம் நிக்கணும்னுதான் கேட்டேன். நான் நிக்கணும்னு கேக்கலியே.”

மலைப்பாதையில் நான்கு நாள் நடை. அவர் டப்பாவைக் கையில் எடுத்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. வடக்கே ஒரு கிளப். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார். “வந்து நடந்துடறேன். இருக்கட்டும்.”

நான்கு மாதம் கழித்து, அந்த வடக்கத்தி ஊர் விடுதி அறையில், நெஞ்சு வலியில் இறந்துபோனார். இருபத்து நான்காவது கிளப்.

5

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. எழுதுகிறவனுக்கு வரவேண்டிய சந்தேகம்தான். மாதாவிடம் தொழிலை விடுவதாகச் சொன்னவர், ஒரு தொலைபேசி அழைப்பில் ஓடிவிட்டாரே? அவரைப் பலவீனமானவராக எழுதிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். இரண்டு பக்கம் அப்படியே எழுதினேன்.

பிறகு அந்த விடுதியில் எடுத்த ஒரு படம் எனக்கு வந்தது. மேசையைச் சுற்றி ஆட்டக்காரர்கள், நடுவில் குவிரினோ. மேசைமேல் சோடா பாட்டில் மூடிகள். பதினொன்று.

பொத்தான்களை அவர் கொண்டுபோகவில்லை. மாதாவுக்கு என்று சொன்ன பிறகு அவற்றால் பிழைக்க அவருக்கு மனம் வரவில்லை. பிழைக்காமல் இருக்கவும் வழி தெரியவில்லை.

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

6

இறந்த ஏழாம் நாள் பூசை எங்கள் பங்குக் கோவிலிலும் நடந்தது. ஐந்து பேர் வந்திருந்தோம்: ஜூலெய்தி, ஜெனிவால், தலைவர் எவரால்து, நான், பாட வந்த ஒரு பெண். பூசை முடிந்து படியில் நின்றபோதுதான் ஜூலெய்தி மேலே சொன்னதையெல்லாம் சொன்னார்.

“நேர்ந்துக்கிட்டவர் கட்டாம செத்துட்டா அந்த ஆத்மா வழியிலயே நிக்கும். உயிரோட இருக்கிற யாராச்சும் கட்டிவிடணும்.”

எவரால்து தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெனிவால் செருப்பைப் பார்த்தான். அதற்குள் அவனையும் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். எட்டு ஆட்டம்தான் விட்டுவைத்தார்கள்.

“நான் போறேன்,” என்றேன். நியாயமும் அதுதான்.

மழை நிற்கட்டும் என்று இருந்தேன். பிறகு போட்டிக்காலம் தொடங்கியது. பிறகு, முதலில் கதையை எழுதிவிடுவோம், முடிவாக அந்த நடையை வைக்கலாம் என்று தோன்றியது. ஜூலெய்தி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “எழுதியாச்சா ரேடியோக்காரரே? மாதா காத்துக்கிட்டு இருக்கா, அவளுக்கென்ன வயசா ஆகுது” என்பார்.

எழுதிப் பார்த்த முடிவுகள் இவை:

நான் நான்கு நாள் நடந்து, கால் புண்ணாகி, மாதாவின் முன் அழுகிறேன். (நடக்காமலே எழுதியது. அழுகை நன்றாக வந்திருந்தது. வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்.)

மாய்ராவும் என்னோடு நடக்கிறாள். வழியில் அதே கேள்வியை மறுபடி —

இல்லை. குழந்தையை என் பாவத்துக்குத் துணைக்கு அழைக்கக்கூடாது.

7

போன ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒருவழியாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துவைக்கும் அறைக்குப் போனேன். யாரும் இல்லை. அந்தக் கதவுக்கு எப்போதும் பூட்டு கிடையாது. அலமாரியில் டப்பா அதே இடத்தில் இருந்தது. மூடியில் காய்ந்த செம்மண். திறந்தேன்.

பொத்தான்கள் இல்லை. அபரேசிதா கோவில் வாசலில் விற்கிற நீல நாடா ஒன்று, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

நான் முதல் வரியைத் திருத்திக்கொண்டிருந்த நாட்களில் யாரோ நடந்திருக்கிறார்.

யார் என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதுகிறவன் சொல்லவேண்டிய இடம்தான் இது. அவருடைய வேலையில் உட்கார்ந்த ஜெனிவாலாக இருக்கலாம். அவருக்கு முழு ஆதரவு தந்த எவரால்துவாக இருக்கலாம். அறுபத்தொரு வயதில், வீங்கிய முழங்காலோடு ஜூலெய்தியாகவும் இருக்கலாம். உங்களுக்கு யார்மேல் மனம் இளகுகிறதோ அவரை நடக்கவிடுங்கள். எனக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லை.

நாடாவைத் தொடாமல் டப்பாவை மூடி, செம்மண்ணைக்கூடத் துடைக்காமல், இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அன்று மாலை பயிற்சி மைதானத்தில், வேலை போன பிறகும் வேடிக்கை பார்க்க வருகிற ஜெனிவால் உட்பட, அந்த மூன்று பேரையும் பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் கொஞ்ச நேரம் நின்று மழையைப் பற்றிப் பேசினேன். யாருடைய காலையும் பார்க்கவில்லை.