ஸகாத்தா, சம்பளமா

எனக்குக் கோபம் வந்தால் வாயை அடக்கத் தெரியாது. என் புருஷன் லாபிர் அதற்கு நேர்மாறு. கட்டுகஸ்தோட்டையில் ஹபீல் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு வேலை. சீமெந்து மூடை தூக்கத் தொடங்கி, காசு மேசை லாச்சிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கும் அளவுக்கு வந்தவர். முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று பேராதனை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்தபோது ஹாஜியார் வார்டுக்கு வந்தார். தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "சொகமாகி வாரவரைக்கும் பாதிச் சம்பளம் ஊட்டுக்கு வரும். ஒண்டுக்கும் யோசிக்க வாணாம்" என்றார். லாபிர் அழுதுவிட்டார். எனக்கும் அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்தது.

இரண்டு மாதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. மருந்து ஏற்றப் போய்வரும் த்ரீவீல் காசுக்கே என் தோடு போய்விட்டது. கடைக்குப் போன் எடுத்தால் ஹாஜியார் வெளியே என்பார்கள். எந்நேரமும் அவர் வெளியே என்றால் கடையை ஜின் பேயா நடத்துகிறது?

நோன்பின் கடைசிப் பத்து நாளில் கடை லொறி டிரைவர் நஸீப் வந்து ஒரு கவரைத் தந்தார். "ஹாஜியார் தரச் சொன்ன" என்றார், அவ்வளவுதான். தடித்த கவர். லாபிரின் முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஓடியது.

"பாத்தியா பஸ்லினா, நீ சும்மா ஏசின. மிச்சச் சம்பளத்த ஒண்டாச் சேத்து அனுப்பீக்கி."

நோன்பு பிடிக்க முடியாத கவலையைக்கூட மறந்து, பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கென்று அந்தக் காசில் கொஞ்சத்தைக் கொடுத்தனுப்பினார். சம்பளம் கிடைத்த மனிதன் செய்கிற காரியம் அல்லவா?

பெருநாள் கழிந்து ஒரு கல்யாண வீட்டில் ஹாஜியாரின் மனைவி ஜஹானா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த முற எங்கட ஸகாத்த முழுக்க ஒங்களுக்குத்தான் தந்த. துஆ செய்ங்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சுற்றியிருந்த பெண்கள் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸகாத் வசதியுள்ளவர்கள் வருஷத்துக்கொரு தடவை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடமை. இல்லாதவர்கள் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உழைத்தவனுக்குச் சொன்ன சம்பளத்தை அதில் கழிக்க எந்த ஹாஜியாருக்கும் அனுமதி கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.  லாபிர் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை, அடுத்த வெள்ளியும் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் கண்டிக்குப் போய் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தேன்.

விசாரணைக்கு லாபிரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விசாரித்த அதிகாரி ராஜலிங்கம் பொறுமையானவர். ஹாஜியார் என்னைப் பார்க்காமல் அவரிடம் மட்டும் பேசினார்.

"வாக்குக் குடுத்தது உண்ம சேர். நோன்புல மொத்தமா அனுப்பியாச்சி. சம்பளம் பாக்கியில்ல."

"அது ஸகாத்தெண்டு ஒங்கட மனிசியே சொன்னாங்க" என்றேன்.

"ஸகாத்துன்னா என்னங்கம்மா?" என்று ராஜலிங்கம் கேட்டார். விளக்கினேன். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினேன்.

"ஸகாத்தெண்டா சம்பளம் இன்னம் பாக்கி. சம்பளமெண்டா ஒங்கட ஸகாத் இன்னம் பாக்கி. ஒரே காசால ரெண்டு கடன் தீராது ஹாஜியார். எதுண்டு நீங்களே சொல்லுங்க."

ஹாஜியார் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். பாவம் என்று நான் நினைக்கவில்லை, நன்றாக வேர்க்கட்டும் என்றுதான் இருந்தது. மனிதரிடம் கணக்கை மாற்றிச் சொன்னாலும் அல்லாஹ்விடம் மாற்றிச் சொல்ல அவருக்குத் துணிவு வராது என்று எனக்குத் தெரியும். கடைசியில் வாய் திறந்தார்.

"அது வந்து சேர், நான் மனசுல நிய்யத் வெச்சது..."

"சம்பளம்" என்றார் லாபிர்.

அந்த அறைக்குள் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "அது ஏன்ட சம்பளம் சேர். எனக்குக் கெடச்சிட்டு."

ராஜலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. அப்படி எழுதினா இனி ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. அவரே ஒத்துக்கப் போறாரு, கொஞ்சம் பொறுங்க."

"எழுதுங்க சேர்."

கையெழுத்துப் போட்டார். ஹாஜியார் தோளைத் தொட வந்தார். லாபிர் விலகிக்கொண்டார்.

எங்கள் ஊரான மடவளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதிலிருந்து நான் ஏசினேன். மருந்துக்கு என்ன செய்வது, பிள்ளைகளின் டியூஷனுக்கு என்ன செய்வது, வென்ற வழக்கைத் தோற்றுவிட்டு வர உங்களுக்கு மூளை பிசகிவிட்டதா என்றெல்லாம் கேட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் ஏசினேன். லாபிர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மௌத்தானா ஜனாஸா தூக்க ஊரே வரும் பஸ்லினா" என்றார் மெதுவாக. "ஸகாத்துல கெடந்தவன்ட ஜனாஸா எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. நான் வேல செஞ்சி சாப்பிட்டவன்."

 ஒப்பரேஷன் செய்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மௌத், சாவு என்ற சொல்லை யாரும் எடுத்ததில்லை. அவர் பிழைப்பார் என்று நம்பித்தான் நான் மருந்துக் காசுக்குச் சண்டை பிடித்தேன். அவருக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போயிருக்கிறது.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மடவளை வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.